பெயர்களும் பெயர்ச் சட்டங்களும்

மனிதன் இவ்வுலகிற்கு வரும்பொழுது கையில் எதனையும் கொண்டு வருவதில்லை. வந்த சின்னாட்களில் அவனுக்கு வாய்க்கும் முதல் உடைமை அவனது பெயரேயாகும். ஏழாம் நாளில் பெற்றோர் சூட்டும் அப்பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறுகிறது. நிக்காஹ் தஃப்தரில் ஏறுகிறது. இறுதியில் மீஸான் கல்லின் மேலும் ஏறி நிற்கிறது. மற்ற உடைமைகளைப் போலவே இதனையும் பிறர் சிதைக்கலாம், பறிக்கலாம், போலியாகப் பூணலாம் என்பதை இந்த நூற்றாண்டின் சமூக ஊடகங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன.

கைப்பேசியில் கணக்கொன்றைத் தொடங்க முனையும் இளைஞன் முன்னே முதலில் தோன்றுவன இரண்டு கட்டங்கள். ஒன்று முதற்பெயருக்கு, மற்றொன்று குடும்பப்பெயருக்கு. இபுராகீம் என்பவரின் மகன் முகம்மது அப்துல் காதிர் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ஊரில் அவன் இ. முகம்மது அப்துல் காதிர். இரண்டு கட்டங்களை நிரப்பும்பொழுது அவன் முகம்மது காதிர் ஆகலாம்; அப்துல் காதிர் ஆகலாம்; காதிர் இபுராகீமும் ஆகலாம். அவனுடைய தம்பி வேறு விதமாக நிரப்புவான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர் இரு வேறு குடும்பத்தாராக உலகிற்குத் தோற்றமளிப்பர். இஃது எழுத்துப் பிழை அன்று. ஒரு நாட்டின் பெயர் மரபை எல்லா நாட்டிற்கும் பொது விதியாக்கியதன் விளைவு. அவ்விதி எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் ஆளை ஆளிடமிருந்து எவ்வாறு பிரித்தறிந்தனர், இனி நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

ஊடகங்கள் வகுத்த விதி

பேஸ்புக் 2004ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று தொடங்கப்பெற்றது. நேரில் அறிமுகமான மாணவர்கள் தத்தம் மெய்ப்பெயரால் அங்குப் பழகினர். அந்நிறுவனம் உலகெங்கும் பரந்தபொழுது அச்சிறு வட்டத்தின் பழக்கம் கோடிக்கணக்கான மக்களுக்குரிய விதியாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனம் தொடங்கிய கூகுள் பிளஸ் தளமும் மெய்ப்பெயரையே கேட்டது. புனைபெயரால் எழுதியோர் பலருடைய கணக்குகளை முடக்கியது. கண்டனங்கள் பெருகின. 2014 ஜூலையில் அவ்விதியை அந்நிறுவனமே கைவிட்டது. அத்தளமும் 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

அதே 2014ஆம் ஆண்டு செப்டம்பரில், சான்பிரான்சிஸ்கோ நகரில் மேடைப் பெயர்களால் அறியப்பெற்ற கலைஞர் பலருடைய கணக்குகளைப் பேஸ்புக் முடக்கியது. அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெயர்கள் ஆங்கிலச் செவிக்குப் புதுமையாக ஒலித்தமையால் அவையும் போலி என்று ஐயுறப்பட்டன. தந்தை வைத்த பெயர் மெய் என்பதற்கு ஒருவன் சான்றிதழ் காட்டி வாதாட வேண்டிய நிலை வந்தது. அக்டோபரில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சட்டப்படியான பெயரைத் தாங்கள் கேட்பதில்லை, அன்றாட வாழ்வில் மக்கள் அழைக்கும் பெயரே போதும் என்று விளக்கமும் கூறிற்று. 2015 டிசம்பரில் நடைமுறைகள் சற்றுத் தளர்த்தப்பட்டன.

இவ்விடத்தில் தமிழர் அறிந்து புன்முறுவல் பூக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒற்றைப் பெயரை ஏற்காத பேஸ்புக்கில், தளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொண்டால் ஒற்றைப் பெயரோடு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்னும் உபாயம் பல நாட்டு இளைஞரிடையே பரவியிருந்தது. தமிழில் ஓரெழுத்தும் அறியாதவர்கள் சில நிமிடங்களுக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் இரண்டாம் பெயரை உதிர்த்தனர். குடும்பப்பெயர் இன்றி வாழும் சமுதாயம் ஒன்று உண்டென்று அவ்வியந்திரத்திற்கும் யாரோ கற்பித்திருந்தார்கள் போலும்!

அரபியரின் ஐந்து உறுப்புக்கள்

இனி, நம் மத்ரஸாக்களில் பயிலப்படும் பெயரியலைப் பார்ப்போம். அரபியரின் முழுப்பெயர் ஐந்து உறுப்புக்களைக் கொண்டது. பெற்றோர் இட்ட இயற்பெயர் இஸ்மு. இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்று மக்கள்வழி வருவது குன்யத்து. இன்னாரின் மகன், மகள் என்று பெற்றோர்வழி வருவது நஸபு. சிறப்போ உருவமோ பற்றி வருவது லகபு. ஊர், குலம், தொழில் பற்றி வருவது நிஸ்பத்து. இவ்வைந்தனுள் எது மக்கள் நாவில் நிலைக்கிறதோ அதுவே ஒருவரின் ஷுஹ்ரத்து, அதாவது வழங்குபெயர். எது நிலைக்கும் என்று எவரும் முன்கூட்டி விதிப்பதில்லை.

நான்கு மத்ஹபுகளின் இமாம்களை நோக்குக. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் நுஃமான். உலகம் அறிந்தது குன்யத்தை. இமாம் மாலிக் இப்னு அனஸ் (ரஹ்) அவர்கள் இயற்பெயராலும் தந்தை பெயராலும் அறியப்பட்டார்கள். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் இயற்பெயர் முஹம்மது, தந்தை இத்ரீஸ். ஷாஃபிஉ என்னும் மூதாதையின் பெயரால் வந்தது அந்த நிஸ்பத்து. இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் பெயரில் நிற்கும் ஹன்பல் தந்தையல்லர், பாட்டனார். மார்க்கச் சட்டத்தின் நான்கு தூண்கள் நான்கு விதமாகப் பெயர் பெற்றிருக்கின்றன. இவர்களை இரண்டு கட்டங்களுள் இட்டு நிரப்புவது எங்ஙனம்?

நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அவர்கள் வாயிலாக வந்த அறிவிப்புக்கள் 5,374 என்று கணக்கிடுவர். பூனைக்குட்டியோடு கொண்ட அன்பினால் வாய்த்த அவ்வழங்குபெயரைக் குழந்தைகளும் அறிவர். அவர்களின் இயற்பெயரைப் பற்றியோ அறிஞர்களிடையே பல கருத்துக்கள் உள; அப்துர் ரஹ்மான் என்பது பலர் ஏற்ற கருத்து. இயற்பெயரில் கருத்து வேறுபாடு இருந்தும் ஆளைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. யாரிடம் கேட்டார்கள், யாருக்குச் சொன்னார்கள், எங்கு வாழ்ந்தார்கள் என்பன யாவும் தெளிவு. ஆகவே ஒருவரை அறிவது அவருடைய உறவுகளாலும் ஒழுக்கத்தாலுமே என்பது நம் அறிஞர் கண்ட முடிபு.

தாய்வழிப் பெயரும் இம்மரபில் இழிவன்று. பாங்கு சொல்லும் பேறு பெற்ற கண்பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தாயின் பெயராலேயே அறியப்பட்டார்கள். அதே வேளையில் பிறப்பை மறைக்கும் பெயருக்கு இடமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு வளர்த்த ஜைது (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்று அழைத்து வந்தனர். வளர்ப்பு மக்களை அவர்களைப் பெற்றவரின் பெயரோடு சேர்த்தே அழைக்குமாறு அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் விதித்தபின், அவர்கள் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஜைதானார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் பொருள் நன்றாக அமையாத பெயர்களை மாற்றியதுண்டு. ஆனால் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஹஸ்ன் என்பவர் அவர்கள் சமூகம் வந்தார். அச்சொல் கரடுமுரடான நிலத்தைக் குறிக்கும். சமநிலத்தைக் குறிக்கும் ஸஹ்ல் என்னும் பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார் அவர். அவருடைய பேரரான ஸயீது இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அதன்பின் தங்கள் குடும்பத்தில் ஒரு கடுமை நீங்காமல் இருந்ததென்று பின்னாளில் கூறினார்கள். அறிவுரையை ஏற்காததன் இழப்பு தெளிவு. எனினும் பெயர் வற்புறுத்தி மாற்றப்படவில்லை என்பதும் அதே அளவு தெளிவு.

அரசுகள் இட்ட குடும்பப்பெயர்

அப்படியாயின் எவருக்கும் நிலையான குடும்பப்பெயர் ஒன்று வேண்டுமென்ற கொள்கை எங்குத் தோன்றியது? ஐரோப்பாவில் வரி விதிப்பதற்கும் படைக்கு ஆள் எடுப்பதற்கும் சொத்துரிமையைப் பதிவதற்கும் அரசுகளுக்கு அது வசதியாக இருந்தது. 1808ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் நெப்போலியன் பிறப்பித்த ஆணை, யூதர்கள் நிலையான பெயர்களை மேற்கொள்ள வேண்டுமென்று பணித்தது. 1849 நவம்பர் 21ஆம் நாள் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா, அத்தீவு மக்களுக்கெனக் குடும்பப்பெயர் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அவ்வட்டவணையின் பக்கங்கள் ஊர்தோறும் பங்கிடப்பட்டமையால், சில ஊர்களில் எல்லாக் குடும்பங்களின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கலாயின.

முஸ்லிம் நாடான துருக்கியும் இவ்வழியில் சென்றது. 1934ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் நிறைவேறிய சட்டம் ஒவ்வொரு குடிமகனும் குடும்பப்பெயர் பூண வேண்டுமென்றது. முஸ்தபா கமால் அத்தாத்துர்க் ஆனது அவ்வாண்டு நவம்பரில்தான். அதே மாதத்தில் பாஷா, பே, எஃபெந்தி முதலிய பழம்பட்டங்களும் நீக்கப்பட்டன.

மாறாக, மரபைச் சிதைக்காமல் பதிவேட்டைத் திருத்திக்கொண்ட நாடுகளும் உள. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் தந்தை பெயரையோ தாய் பெயரையோ மகன், மகள் என்னும் விகுதியோடு சேர்த்து வழங்குகின்றனர். மலேசியாவில் முஸ்லிம்களின் பெயரில் பின், பிந்தி என்னும் சொற்களும், தமிழர் பெயரில் மகன், மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சுருக்கக் குறிகளும் அரசுச் சீட்டுக்களிலேயே இடம் பெறுகின்றன. உறவைக் குடும்பப்பெயர் என்று பொய்யாக எழுதாமல் உறவென்றே எழுதும் முறை அது. மனமிருந்தால் பதிவேட்டிற்கு அது கடினமன்று.

தமிழகத்தில் நம் பெயர்கள்

தமிழ் முஸ்லிம்களின் பெயர் மரபு அரபு மரபின் கிளை. ஆனால் தமிழ் மண்ணில் வேரூன்றியது. கீழக்கரையின் வள்ளல் செய்கு அப்துல் காதிர், தமிழ் நாவில் சீதக்காதியானார். செய்கு, காதிர் என்ற இரண்டும் குழைந்து ஒரே சொல்லாயின. பெயர் திரிந்தும் புகழ் திரியவில்லை. சுல்தான் அப்துல் காதிர் என்னும் ஞானியார், பிறந்த ஊராலும் துறவு நிலையாலும் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று வழங்கப்பெற்றார். நிஸ்பத்தும் லகபும் சேர்ந்து இஸ்மை மறைத்த இடம் அது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த கீழக்கரைப் பேரறிஞர் ஸெய்யிது முஹம்மது ஆலிம் அவர்களை, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றால்தான் எவரும் அறிவர். தம் ஆசிரியரான தைக்கா சாகிபு அவர்களின் மகளை மணந்தமையால் ஊரே அவரை மாப்பிள்ளை என்று அழைத்தது. ஓர் ஊரின் பாசமே ஓர் அறிஞரின் பெயராக நிலைத்துவிட்டது.

இக்காலத்தில் நாம் தலைப்பெழுத்தைப் பயன்படுத்துகிறோம். இராமேசுவரத்தில் 1931இல் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் மூன்று தலைப்பெழுத்துக்களும் அவுல், பக்கீர், ஜெயினுலாப்தீன் என முன்னோர் மூவரைக் குறிப்பன. மூன்று எழுத்தில் மூன்று தலைமுறையின் நஸபு! ஈழத்து முஸ்லிம்களிடமும் இரண்டு, மூன்று தலைப்பெழுத்துக்கள் வழங்குவது இதனாலேயே. உலகப் பத்திரிகைகளோ அவரைக் கலாம் என்று சுருக்கின. கலாம் என்பது அவருடைய குடும்பத்தின் பெயரன்று. தந்தைக்கோ பாட்டனாருக்கோ அப்பெயர் இல்லை.

தலைப்பெழுத்து முறைக்கு இந்நாட்டில் மற்றொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களைக் களைய வேண்டுமென்று தீர்மானித்தது. தலைமை ஏற்ற சௌந்தரபாண்டியனார் தம் பட்டத்தைத் துறந்தார். வண்டலூர் இன்று அந்தச் செங்கற்பட்டின் பெயர் தாங்கிய மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயரின் பின்னே ஒன்றும் இல்லாமை தமிழகத்தில் குறைபாடாக அன்றி, ஆராய்ந்து மேற்கொண்ட கொள்கையாக நிலைத்தது. இரண்டாம் கட்டத்தைக் கட்டாயமாக்கும் விதியோ, களைந்தெறிந்த பட்டத்தை மீண்டும் தேடச் செய்கிறது.

வண்டலூரிலேயே பெயர் விதிகளின் கூத்தைக் காணலாம். பெருஞ்சாலையில் அமைந்த உயிரியல் பூங்காவின் பெயர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. குழந்தைகளுக்கு அது வண்டலூர்ப் பூங்கா. 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற பேருந்து நிலையம் ஏட்டில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம். நடத்துநர் வாயில் கிளாம்பாக்கம். கீழக்கரைப் பெருமகனார் பு.செ. அப்துர் ரகுமான் 1984இல் இங்கு நிறுவிய கிரசென்ட் பொறியியற் கல்லூரி, நிகர்நிலைத் தகுதி பெற்றபின் பல்கலைக்கழகம் என்னும் சொல்லைப் பெயரில் தாங்கியது. உச்சநீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி நிகர்நிலை நிறுவனங்கள் யாவும் அச்சொல்லை நீக்க வேண்டியதாயிற்று. இன்று அது கிரசென்ட் விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம். ஊரார் நாவில் என்றும் கிரசென்ட்தான். ஏடு மாறலாம், ஷுஹ்ரத்து மாறுவதில்லை.

சிதையும் சொற்கள்

இரண்டு கட்ட முறையால் நமக்கு நேரும் பெருந்தீங்கு பொருட்சிதைவு. அப்துல் காதிர் என்றால் வல்லமை மிக்கவனின் அடியான். அப்துர் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். இவை ஒவ்வொன்றும் பிரிக்கலாகாத ஒரு பெயர். முதற்கட்டத்தில் அப்துல் என்றும் இரண்டாம் கட்டத்தில் ரஹ்மான் என்றும் எழுதினால், முன்னது பொருள் முற்றாத அரைச் சொல்லாகிறது. பின்னதோ அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். அதனைத் தனித்து ஒரு மனிதனுக்கு இட்டழைப்பதை உலமாக்கள் தடுத்திருக்கின்றனர். இயந்திரம் இதனை அறியாது. நிரப்பும் கை அறிந்திருக்க வேண்டும்.

அரசு ஏடுகளிலும் இதே இடர். நம் நாட்டுக் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டும். விரித்த தந்தை பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் சென்றமரும். வெளிநாட்டில் இபுராகீம் என்று கூப்பிட்டால் எழுவது மகன்; தந்தை ஊரில் இருப்பார். அடுத்த தலைமுறையில் அம்மகனின் பிள்ளைக்குக் குடும்பப்பெயர் காதிர் ஆகிவிடும். பாட்டனும் பேரனும் அயலார் போலத் தோன்றுவர். ஒற்றைப் பெயரோடு விடுவதும் ஆபத்தாயிற்று. 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒரே சொல்லில் பெயருடையோரை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருப்பின் ஏற்கலாம் என்று பின்னர்த் தளர்த்தப்பட்டது. பிழைப்பிற்காக வளைகுடா செல்லும் நம் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று.

நம் பெண்மக்களின் பெயர் பற்றியும் ஒரு சொல். மணமானவுடன் மனைவி கணவன் பெயரைப் பூண வேண்டுமென்று மார்க்கம் விதிக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களை மணந்த பின்னரும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்கரின் மகளாகவே அழைக்கப்பெற்றார்கள். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆயினும் தம் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வைக் கொண்டு உம்மு அப்துல்லாஹ் என்னும் குன்யத்து வழங்கப்பெற்றது. சமூக ஊடகத்திலே கணவன் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதுவது ஒரு பெண்ணின் விருப்பமாயின் அதில் குற்றம் காணலாகாது. அஃது இஸ்லாமிய வழக்கம் என்று கூறி அவளை வற்புறுத்துவதோ வரலாறு அறியாமை.

மறைத்தலும் ஏமாற்றலும்

இதுகாறும் கூறியவற்றால், எவரும் எப்பெயரும் பூண்டு எதையும் எழுதலாம் என்று கொள்ளலாகாது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் பெயரைப் பற்றி எவரினும் கடுமையாக ஆய்ந்தவர்கள். எழுத்தில் ஒன்றுபோல் தோன்றி ஒலிப்பில் வேறுபடும் பெயர்களை ஹிஜ்ரி 385இல் மறைந்த தாரகுத்னீ (ரஹ்) அவர்கள் தனி நூலாகத் தொகுத்தார்கள். ஒரே பெயருடைய பல ஆட்களைப் பிரித்துக் காட்ட ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் நூல் செய்தார்கள். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் லகபுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். நொண்டி என்று பொருள்படும் அஃரஜ், பார்வை மங்கியவர் என்று பொருள்படும் அஃமஷ் என்பன போன்ற பெயர்களை, அறிமுகத்திற்காக மட்டும் கூறலாம், இழிவுபடுத்தக் கூறலாகாது என்று வரையறுத்தார்கள். பட்டப்பெயர் சூட்டி இகழ்வதை அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்திருக்கிறதன்றோ?

அக்கலையில் தத்லீஸுஷ் ஷுயூக் என்றொரு குற்றம் உண்டு. அறிவிப்பாளன் ஒருவன், தன் ஆசிரியர் பலவீனமானவர் என்பதை மறைக்க விரும்பி, எவரும் அறியாத ஒரு குன்யத்தாலோ நிஸ்பத்தாலோ அவரைக் குறிப்பிடுவது அது. அவன் கூறுவது பொய்ப்பெயரன்று. மெய்யான பெயர்களுள் ஒன்றுதான். ஆயினும் கேட்பவரை மயக்கும் நோக்கம் இருப்பதால் அது கண்டிக்கப்பட்டது. இதற்கு நேர்மாறாக, அபூஹுரைரா என்ற வழங்குபெயர் ஆளைத் தெளிவாக்குவதால் போற்றப்பட்டது. பெயர் ஏட்டிலுள்ளதா, நாவிலுள்ளதா என்று அவர்கள் கேட்கவில்லை. அப்பெயர் ஆளைக் காட்டுகிறதா, ஆளை மறைத்துக் கேட்பவரை ஏமாற்றுகிறதா என்றே கேட்டார்கள். சமூக ஊடக விதிகளை அளப்பதற்கு இதனினும் நேரிய அளவுகோல் வேண்டுவதில்லை.

மெய்ப்பெயரைக் கட்டாயமாக்கினால் ஒழுக்கம் தானே வரும் என்று நம்பிய நாடு தென்கொரியா. 2007 முதல் பெரிய தளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை மெய்ப்பித்தே எழுத வேண்டுமென்று அங்குச் சட்டம் வந்தது. 2011இல் ஒரு நிறுவனத்தின் தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேருடைய விவரங்கள் களவு போயின. 2012 ஆகஸ்ட் 23ஆம் நாள் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. ஜெர்மனியின் உயர்நீதி மன்றமோ 2022 ஜனவரியில் நடுவழி ஒன்றைக் காட்டிற்று. 2018க்கு முன் பேஸ்புக்கில் சேர்ந்தவர்கள் நிறுவனத்திடம் மெய்ப்பெயர் அளிக்க வேண்டும். பொதுமக்கள் பார்வையில் புனைபெயரால் இயங்கலாம் என்பது அதன் தீர்ப்பின் சாரம். பொறுப்புக் கேட்கத் தக்க இடத்தில் ஆள் தெரிய வேண்டும். வழிப்போக்கர் அனைவருக்கும் தெரிய வேண்டுவதில்லை.

இதன் அருமையை நம் சமுதாயப் பெண்கள் கண்ணீரோடு உணர்ந்தனர். 2021 ஜூலையில் சுல்லி டீல்ஸ் என்ற செயலியும், 2022 ஜனவரி முதல் நாளில் புல்லி பாய் என்ற செயலியும், பத்திரிகையாளர் உள்ளிட்ட முஸ்லிம் பெண்கள் பலருடைய படங்களை அவர்கள் அனுமதியின்றி இட்டு, ஏலம் என்ற பெயரால் இழிவுபடுத்தின. அப்பெண்கள் மெய்ப்பெயரால் துணிந்து எழுதியவர்கள். இழிவு செய்தோரோ முகமூடியணிந்தவர்கள். இரண்டாம் வழக்கில் சிக்கியோர், பழி வேறொரு சமயத்தார்மேல் விழுமாறு சீக்கியப் பெயர்களைக் கணக்குகளுக்குச் சூட்டியிருந்தனர் என்று மும்பைக் காவல்துறை தெரிவித்தது. ஒரே நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள. தீங்கிற்கு அஞ்சி ஒரு பெண் தன் பெயரை மறைத்துக்கொள்வது தற்காப்பு. பிறர் பெயரைப் பூண்டு தீங்கு செய்வது வஞ்சகம். கணினி வாயிலாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 டி பிரிவு விதிக்கிறது.

அடையாளச் சான்றை விலைக்கு விற்றாலும் இதே குழப்பம் வரும். 2022 நவம்பரில் அந்நாளைய ட்விட்டர் நிறுவனம் நம்பிக்கைக் குறியாகிய நீலக் குறியைக் கட்டணத்திற்கு அளிக்கத் தொடங்கியவுடன், பெரிய நிறுவனங்களின் பெயரில் போலிகள் அக்குறியோடு கிளம்பின. இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகள், 50 லட்சத்திற்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட ஊடகங்கள், விரும்புவோர் தம்மைச் சரிபார்த்துக்கொள்ள வழி செய்ய வேண்டுமென்று கூறுகின்றன. விரும்புவோர் என்ற சொல் அங்கு இருப்பது நன்று.

நாம் செய்யத்தக்கன

பெயரிடும்பொழுதே ஏட்டையும் எண்ண வேண்டும். பெயர் குறிக்காமல் பிறப்பைப் பதிந்திருப்பின் 12 மாதத்திற்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். முஹம்மது என்னும் திருப்பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று விடாமல் வீட்டிற்கு ஒரே எழுத்து முறையைக் கொள்க. அப்துல் என்பதை அடுத்த சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதுக. இரண்டாம் கட்டம் தவிர்க்க முடியாததாயின் தந்தை பெயரை இடுக. நஸபின் சாயல் அதில் உண்டு. அரபு நாடுகள் சிலவற்றிலும் இவ்வழக்கு உண்டு. உடன்பிறந்தார் அனைவரும் அதனை ஒரே விதமாக இடுக.

பெயரைப் போலவே பிறர் பெயரையும் பேணுவது கடமை. ஊர் பேர் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை, இமாம் பெயரையோ மருத்துவர் பெயரையோ ஒட்டி நாமும் அனுப்புகிறோம். அறியப்படாத அறிவிப்பாளனை நம் முன்னோர் மஜ்ஹூல் என்றனர். அவனைப் பொய்யன் என்று அவர்கள் பழிக்கவில்லை. ஆனால் அவன் யாரென்று தெளியும்வரை அவன் சொல்லை மார்க்கத்தில் ஏற்கவும் இல்லை. நபிமொழிக்கே அத்தனை காவல் வைத்த சமுதாயம், நாள்தோறும் வரும் வதந்திக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது தகுமா?

நிறுவனங்கள் நாளை மூன்றாம் கட்டமும் திறக்கலாம்; இருக்கும் ஒன்றையும் மூடலாம். கட்டத்தில் எழுதிய பெயர் எதுவாயினும், அதன் கீழ் எழுதிய சொல்லுக்குப் பொறுப்பாளி ஒருவரே. புனைபெயரால் எழுதினும், தன் பெயரால் எழுதினும், தந்தை கேட்டால் நாணாமல் இது நான் எழுதியது என்று கூறத்தக்கதை மட்டும் எழுதும் பிள்ளைகளாக நம் மக்கள் வளர வல்ல அல்லாஹ் துணை புரிவானாக.